பால்காரருக்கென்று நீ வாங்கிப்போன ஸ்பிரிங்

மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஓசூரில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்று போனில் கேட்ட குரலிலேயே தெரிந்தது. "ஒரு சின்ன விஷயத்த ஏம்மா இவ்ளோ பெருசாக்குற" என்று கேட்டாய். அப்போது கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள், ஒருவர் பிரேக் கேபிளுக்கும் இன்னொருவர் ஹெட்லைட் பல்புக்கும். அவர்களை நிற்கவைத்துக்கொண்டு உனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு அந்த பல்பைக் கீழே போட்டு உடைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் நீ கடைசி வரைக்கும் கேட்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன். நீ செய்ததை இன்னொருத்தர் சொல்லி முதலிலிருந்து ஒருமுறையாவது நீ கேட்க வேண்டும்.

கலைவாணியைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அவள் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண். தன்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவள் கிராம நர்ஸ் வேலைக்குப் போன அன்றே சாவியையும் கொடுத்துவிட்டார். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில்தான் போய்வருவாள். காபி கொடுத்த பிறகு அவர் உன்னைப் பார்த்துக் கேட்டார். "பொண்ணு வேலைக்குப் போவா தம்பி. வண்டியிலதான் போவா. அதுல உங்களுக்கு ஒண்ணும் மனத்தாங்கல் இல்லியே?" நீ சிரித்தாய். "எங்க கடையே வண்டி சாமான் கடைங்க மாமா. எனக்கு என்ன மனத்தாங்கல்?" அங்கே எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நம் பிள்ளை மற்றவர்களைப் போல இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறமும் நீ நன்றாகத்தான் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்ட, நீ பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்வந்தீர்கள். அது எங்கே கெட்டது என்று எனக்குத் தெரியும். தேரடித் தெரு டீக்கடையில் உன் சிநேகிதர்கள் ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று நீ என்னிடம் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாய். அதன்பிறகு ஒருநாள்கூட அவள் பின்னால் உட்கார்ந்து நீ போகவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே போனாய். கேட்டதற்கு, "தொப்பை போட்டுடுச்சும்மா, நடந்தா நல்லது" என்றாய். நானும் நம்பினேன்.

குழந்தை பிறந்து, லீவு முடிந்து, அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய சமயம். வண்டி பல மாதம் சும்மா நின்றிருந்தது. முதல் நாள் போய்வந்ததும் நேரே கடைக்கு வந்தாள். "அத்தை, வண்டி கத்துது, ஆனா போகமாட்டேங்குது. மேடு ஏறவே இல்லீங்க" என்றாள். கிளட்ச் வழுக்குகிறது என்று கேட்டதுமே தெரிந்தது. நீதான் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் மூடியைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாய். நான் புதுசு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். பழையது எல்லாம் அழுந்தி அழுந்திக் குட்டையாகிவிட்டிருந்தது. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பலம் அதற்கு இல்லை. அந்த வண்டிக்கு நம் கடையில் அப்போது ரெண்டு வகை இருந்தது. ஒன்று கம்பெனி கொடுக்கிற அளவு. இன்னொன்று அதே உயரம், அதே சுற்று, ஆனால் கம்பி தடிமன் ஜாஸ்தி. பால் கேன் கட்டுகிறவர்களும் மூட்டை ஏற்றுகிறவர்களும் கேட்டு வாங்கிப்போவது அது. அது வழுக்கவே வழுக்காது, ஆனால் லீவரை இழுக்கிற கைக்குப் பெரிய வேலை. அவள் கேட்டாள், "எது அத்தை போடலாம்?" தனி ஆள், ஒரு சின்னப் பெட்டி, நிறுத்தி நிறுத்திப் போகிற வேலை. அவளுக்குக் கம்பெனி செட்டுதான் சரி, கை நோகாது என்று சொல்லி நானே எடுத்துக் கொடுத்தேன். "நான் மாட்டிடுறேன் விடு" என்று நீ வாங்கிக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே திரும்ப வந்தாய். "கீழ்பென்னாத்தூர் பால்காரர் ஒருத்தர் கேட்டாரும்மா, அந்த ஹெவி செட்டு ஒண்ணு குடு" என்றாய். நான் அதையும் எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பால்காரர் என்றுகூடக் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்.

மறுநாளிலிருந்து அவளுக்குக் கிளட்ச் பிடிக்கிற இடது கையில் வலி. உள்ளங்கையில் கோடு மாதிரி சிவந்துபோய் வந்தாள். நான்கூட ஒருநாள் வாசலில் நின்ற வண்டியின் லீவரை அழுத்திப் பார்த்து, என்னடா இப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்டேன். "பழசு தொய்ஞ்சு போயிருந்துச்சும்மா, அதான் லேசா இருந்துச்சு. புதுசு டைட்டாதான் இருக்கும். போகப் போக படிஞ்சுடும்" என்றாய். பாதி உண்மையைக் கலந்து சொன்னால் வியாபாரத்தில் இருக்கிற என்னையே ஏமாற்றலாம் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து மெக்கானிக் அன்வர் பாயிடம் காட்டலாமா என்றாள் அவள். "நான் இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு?" என்று ஒர்க்‌ஷாப் பக்கமே வண்டியை விடவில்லை. கேபிளை மாற்றினாய். எண்ணெய் விட்டாய். அவள் கண்ணெதிரே உட்கார்ந்து, முகத்தில் கிரீஸ் பூசிக்கொண்டு, ரிப்பேர் செய்கிற மாதிரி நடித்தாய். பிறகு எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாயே, அதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "வண்டியில ஒண்ணும் இல்ல கலை. பிரசவம் ஆன உடம்பு. நரம்பு தளர்ந்திருக்கும்."

அவள் அதை நம்பினாள். அவள் நர்ஸ். ஊரில் எத்தனையோ பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பைத் தேற்றியவள். ஆனாலும் புருஷன் சொல்கிறான், வண்டியைப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறான் என்று நம்பினாள். ஈரத்துணியை முறுக்கி முறுக்கிப் பயிற்சி செய்தாள். வெந்நீரில் உப்புப் போட்டு விரலை ஊறவைத்தாள். ஆஸ்பத்திரியில் காட்டினாள், டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்றதும் இன்னும் பயந்தாள். நானும் என் பங்குக்குக் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே கையில பலம் இருக்கும்" என்று அவளை அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. என்னையும் நீ உன் பேச்சைப் பேசவைத்தாய்.

இதோடு போயிருந்தாலும் நான் இந்த அளவுக்கு எழுதமாட்டேன். அடி அண்ணாமலையில் நடந்ததற்கு வருகிறேன்.

பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்காக அங்கே மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அவளுக்கு அதில் டூட்டி. கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விடலாம் என்று மத்தியானமே மருந்துப் பெட்டியோடு கிளம்பினாள். ஆனால் வெளியூர் ஜனம் முன்கூட்டியே இறங்கிவிட்டது. அடிக்கு ஒருமுறை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து ஊர்ந்திருக்கிறாள். கோயில் தாண்டி ஒரு குடும்பம் சாலையைக் கடக்கிறதே என்று நின்றபோது, பிடித்திருந்த கை மரத்துப்போய் விரல் தானாக விட்டுவிட்டது. வண்டி எகிறிக் குதித்து, ஓரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கூடை மேல் ஏறிக் கவிழ்ந்தது. அந்த அம்மாவின் பாதத்தில் அடி. கலைக்கு முழங்கை சிராய்ந்து ரத்தம். கடந்துபோன அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னக் குழந்தை இருந்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ எப்போதாவது நினைத்துப் பார்த்தாயா?

யாரோ கடைக்கு போன் பண்ணினார்கள். நீ முன்னால் ஓடினாய், நான் ஆட்டோவில் பின்னால் வந்தேன். நான் இறங்கும்போது கூட்டம் அவளைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, தன் ரத்தத்தைத் துடைக்காமல், அந்த அம்மாவின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நீ பேசிக்கொண்டிருந்தாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகத்தான் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னாய். "நான் எவ்ளோ சொன்னேன் தெரியுங்களா. கையில பலமே இல்ல இவளுக்கு. வீம்புக்கு ஓட்டுறா. பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வண்டி?" அடிபட்ட அந்த அம்மா நிமிர்ந்து உன்னைப் பார்த்து, "விடு தம்பி, பாவம் அந்தப் பொண்ணு. வேணும்னா வந்து மோதுச்சு?" என்றாள். கால் வீங்கிப்போய், பழமெல்லாம் நசுங்கிப்போய் உட்கார்ந்திருந்தவளுக்கு இருந்த இரக்கம் உனக்கு இல்லை. உனக்குத்தான் காரணம் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே தெரிந்தவன் நீ ஒருவன்தான். தெரிந்துகொண்டு அவள் தலையில் போட்டாய்.

அன்றோடு அவள் வண்டியைத் தொடவில்லை. பஸ்ஸில் போனாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போகவேண்டிய ஊருக்கு நேரத்துக்குப் போக முடியாமல், காத்திருந்த தாய்மார்கள் குழந்தைகளோடு திரும்பிப் போனார்கள். மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினாள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீயும் பார்த்ததுதான். பாப்பாவைத் தூக்க அவள் பயந்தாள். கை மறுபடி விட்டுவிடுமோ என்று, குழந்தையை இடது கையில் வாங்கவே மாட்டாள். உட்கார்ந்த பிறகு மடியில் போடச் சொல்லுவாள். குளிக்க வைக்க என்னைக் கூப்பிடுவாள். ஒருநாள் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பாப்பா தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்துத் தூக்கச் சொல்லி அழுதது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, "அத்தை, கொஞ்சம் தூக்குங்களேன்" என்றாள். நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் தட்டில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாய்.

டேய், அந்த இடத்திலாவது உனக்கு வாய் திறந்திருக்க வேண்டாமா? நான் என்ன ஊட்டி உன்னை வளர்த்தேன் என்று அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

உன் அப்பாவும் ஒன்றும் பெரிய மகான் இல்லை. நான் கடையில் உட்காருகிறேன் என்று சொன்னபோது, "பஜார்ல நாலு பேரு என்ன பேசுவான்? நீ உக்காரக்கூடாது" என்று கத்தினார். நானும் கத்தினேன். சாமான் எல்லாம் உருண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்தோம். பிறகு ஒரு காலையில் அவரே, "சரி வா, வந்து உக்காரு. அலமாரியில எது எங்க இருக்குதுன்னு காட்டுறேன்" என்றார். அவருக்குப் பிடிக்காததை என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால் எனக்கும் முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல இடம் இருந்தது. நீயும் அவளிடம், "ஊரு சிரிக்குது, எனக்கு வெக்கமா இருக்குது, ஓட்டாத" என்று சொல்லியிருக்கலாம். அவள் சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். அவள் அப்பாவைக் கூப்பிட்டிருப்பாள், அவர் நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னதை உனக்கு நினைவுபடுத்தியிருப்பார். அதற்குப் பயந்துதானே நீ ஸ்பிரிங்கை மாற்றினாய்? வாயால் தடுத்தால் நீ கெட்டவன் ஆகிவிடுவாய். அவளாகவே, தன் உடம்பையே நம்பாமல் இறங்கிவிட்டால் நீ நல்லவனாகவே இருந்துகொள்ளலாம்.

உனக்கு ஓசூர் வேலை கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு, வண்டியை விற்றுவிடலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய். அவள் அதற்கும் தலையாட்டினாள். விற்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று நான்தான் வண்டியை அன்வர் பாயிடம் விட்டேன். நீ கிளம்பும் அவசரத்தில் ஸ்பிரிங்கைத் திரும்ப மாற்றி வைக்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அவர் கிளட்சைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இங்க வாங்க. இது நம்ம கடை சாமான்தானே? யாரு இதப் போட்டது?" மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க நான் தலையில் நீலப் பெயின்ட் வைக்கிற ஹெவி ஸ்பிரிங். நான் உன்னிடம் எடுத்துக் கொடுத்தது. அது போதாதென்று ஒவ்வொன்றுக்கும் அடியில் வாஷர் வேறு வைத்து இன்னும் இறுக்கியிருந்தாய். "இத நானே இழுத்துப் பிடிக்கணும்னா கஷ்டங்க அக்கா. அந்தப் பொண்ணு எப்படி இத்தினி நாளு ஓட்டுச்சு?" என்றார். அந்த மனுஷன் உன்னைச் சந்தேகப்படவில்லை. யாரோ தெரியாதவன் மாட்டிவிட்டான் என்று நினைத்து அவனைத் திட்டினார். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே உனக்கு போன் பண்ணினேன். மறுக்கக்கூட இல்லை நீ. "அவகிட்ட சொல்லிடாதம்மா" என்றாய். உனக்கு வந்த முதல் கவலை அதுதான்.

சொன்னேன். அவளை ஒர்க்‌ஷாப்புக்கே கூட்டிக்கொண்டு போய், கழற்றிய ஹெவி ஸ்பிரிங், கம்பெனி ஸ்பிரிங் ரெண்டையும் அவள் கையில் கொடுத்து, யார் வாங்கினது, யார் மாட்டினது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரெண்டையும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லீங்களா அத்தை?"

ஒன்றும் இல்லை என்றேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். அந்தக் கேள்விக்கு நீ இங்கே நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்வர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடிவந்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவை இடது கையால் வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் போனாள், வந்தாள். இறக்கிவிடவே இல்லை. சோறு வடித்துக் கூப்பிட்டபோதும் இறக்கிவிடாமல்தான் சாப்பிட்டாள்.

கம்பெனி செட்டை மாட்டி வண்டி தயாரானது. அவள் எழுதி வைத்திருந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டாள். துணைச் சுகாதார நிலையத்தோடு சேர்ந்த குவார்ட்டர்ஸ் அவளுக்கு உண்டு. இத்தனை நாளும் உனக்காக நம் வீட்டிலிருந்து போய்வந்தாள். போன வாரம் பாப்பாவோடு அங்கே குடிபோய்விட்டாள். சாமான் ஏற்ற வேன் பிடித்துக் கொடுத்ததும், பால் காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். உன்னிடம் மறைத்துச் செய்ததாக நினைக்க வேண்டாம், இதோ சொல்லிவிட்டேன். நேற்று தடுப்பூசி போட ஊர் ஊராகப் போய்விட்டு, வழியில் கடையில் நின்று ஒரு ஸ்பார்க் பிளக் வாங்கிக்கொண்டு போனாள். முகத்தில் புழுதி. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

உன்னை விட்டுவிட்டாள் என்று நான் எழுதவில்லை. விடமாட்டாள் என்றும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. தீபத்துக்கு வருகிறேன், அதற்குள் அவளிடம் எடுத்துச் சொல்லி மனதை மாற்றிவை என்று நேற்று போனில் கேட்டாய். "நீ சொன்னா அவ கேப்பாம்மா" என்றாய். கேட்பாள்தான். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எடுத்து உன் காரியத்துக்குச் செலவு பண்ண மாட்டேன். நீயே போ. அவள் வாசலில் நின்று, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று உன் வாயால் சொல். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம். திறக்கவில்லை என்றால் திண்டாடிக்கொண்டு என்னிடம் ஓடிவராதே.

தீபத்துக்கு வீட்டுக்கு வா. நான் உன் அம்மா, வாசலை மூடமாட்டேன். உனக்கு இங்கே சோறு உண்டு. சிபாரிசு கிடையாது.

அம்மா